பொய்த் தராசும் மௌனச் சாட்சியும்

கடைவீதியில் அரிசி நிறுக்கும் வணிகரின் தராசுக்கு அரசு முத்திரையிடுகிறது. எடையில் குறை கண்டால் தண்டனை வணிகருக்கு. இது நியாயமே. தராசு அவர் கையில் இருக்கிறது. எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்க அவரால் முடியும். ஐயம் எழுந்தால் வேறொரு தராசில் வைத்துச் சரிபார்க்கவும் இயலும். ஆனால் ஒரு நாட்டில் எல்லாக் கடைகளுக்கும் ஒரே வகைத் தராசை மேலிடமே வழங்கி, அதனுள் என்ன இருக்கிறது என்று பார்க்க எவருக்கும் வழி வைக்காமல், அது தவறாக எடை காட்டிய போதெல்லாம் கடைக்காரரையே திருடர் என்று சிறைக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டால் என்ன நினைப்போம்? கொடுங்கோல் மன்னன் ஒருவனைப் பற்றிய பழங்கதை என்றே நினைப்போம்.

அன்பார்ந்த வாசகர்களே, அது கதையன்று. நீதிமுறைக்குப் பேர்போன பிரிட்டன் நாட்டில் 1999 முதல் 2015 வரை நடந்தேறிய உண்மை. அங்கே தராசின் இடத்தில் இருந்தது ஒரு கணிப்பொறி மென்பொருள். ‘ஹொரைசன்’ என்பது அதன் பெயர். அதன் கணக்கை நம்பி 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகத்தார் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அந்நாட்டு வரலாற்றில் நீதி பிறழ்ந்த நிகழ்ச்சிகளுள் இத்துணைப் பரந்தது வேறொன்றில்லை என்று இன்று பலரும் ஒப்புக்கொள்கின்றனர்.

கணிப்பொறி தானாக எதையும் அறியாது. மனிதர் எழுதி வைத்த கட்டளைகளின்படியே கூட்டும், கழிக்கும், காட்டும். அக்கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதை எழுதுபவர் மென்பொருட் பொறியாளர். கொத்தனார் கட்டிய சுவர் சாய்ந்தால் ஊரே பார்க்கிறது. மென்பொருளில் விரிசல் விட்டால் அதை எழுதியவருக்கும் பழுது பார்ப்பவருக்குமே அது தெரியும். ஆகவே அவருடைய கடமை நல்ல வேலை செய்வதோடு முடிந்துவிடுவதில்லை. தமக்கு மட்டுமே தெரிந்த பிழையை, அதனால் துன்புறுவோர் அறியச் சொல்ல வேண்டிய சாட்சியும் அவரே. இதுவே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

கிராமத்து அஞ்சலகம்

பிரிட்டனில் பெரும்பாலான அஞ்சலகங்களை அரசு ஊழியர் நடத்துவதில்லை. அரசுக்குச் சொந்தமான அஞ்சல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தனி ஒருவரோ ஒரு குடும்பமோ மளிகைக் கடையின் ஒரு புறத்தில் அஞ்சலகத்தையும் நடத்துவது அங்குள்ள வழக்கம். இவர்களையே கிளை அஞ்சலகத்தார் என்று குறிப்பிட்டோம். முதியோருக்கு ஓய்வூதியம் கொடுப்பதும், சேமிப்புப் பணத்தைப் பெறுவதும், அஞ்சல் தலை விற்பதும் அவர்கள் பணி. ஊரார் அனைவரையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். ஊராரின் நம்பிக்கையே அவர்களுடைய முதல்.

இவ்வஞ்சலகங்களின் கணக்குகள் நெடுங்காலம் காகிதத்தில் எழுதப்பட்டு வந்தன. கூட்டலில் பிழை நேர்ந்தால் ஏட்டைப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். 1996-இல் கணிப்பொறி வழிக் கணக்குமுறையை உருவாக்கும் ஒப்பந்தம், ஜப்பானின் ஃபூஜித்சு நிறுவனத்தைச் சார்ந்த ஐ.சி.எல். குழுமத்துக்கு அளிக்கப்பட்டது. அரசின் உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்குவதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. அப்பகுதி 1999-இல் கைவிடப்பட்டது. எஞ்சிய கணக்குமுறை, ஹொரைசன் என்ற பெயரில் அவ்வாண்டு முதல் நாடெங்கும் கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது.

அது நிறுவப்படும் முன்னரே எச்சரிக்கை மணி ஒலித்தது. 1998-இல், அஞ்சலகக் கணக்குக்கு அடிப்படையான பகுதியின் தரத்தைக் குறித்து நிறுவனத்துக்குள்ளேயே ஓர் அறிக்கை எழுதப்பட்டது. கட்டளைகள் சீராக எழுதப்படவில்லை, ஒட்டுப்போட்டுச் சமாளிப்பது போதாது என்பது அதன் சாரம். அக்குழுவில் இருந்த பொறியாளர் ஒருவர், கணக்குப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும் என்று தாம் வற்புறுத்தியதைப் பிற்காலத்து விசாரணையில் எடுத்துரைத்தார். ஆயினும் அது புதிதாக எழுதப்படவில்லை.

கணக்கு பொய்த்தது

புதிய பொறி வந்ததும் பல ஊர்களில் பணம் குறையத் தொடங்கிற்று. பெட்டியில் இருந்த பணம் எங்கும் போகவில்லை. இருக்க வேண்டிய தொகை இவ்வளவு என்று பொறி காட்டிய எண்தான் தவறு. ஆனால் அதை மெய்ப்பிக்கும் வழி கடைக்காரர் கையில் இல்லை. எந்தப் பதிவு எவ்வாறு உருவாயிற்று என்பதை அவரால் திறந்து பார்க்க இயலாது. குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து ஈடுசெய்யுமாறு அஞ்சல் நிறுவனம் கேட்டது. உதவி கோரித் தொலைபேசியில் அழைத்தவர்களுள் பலருக்கும், இத்தகைய தொல்லை உமக்கு மட்டுமே நேர்ந்துள்ளது என்ற பொருள்பட விடை கிடைத்தது. ஒரே துன்பத்துக்கு ஆளான நூற்றுக்கணக்கானோர், உலகில் தாம் ஒருவரே இதில் சிக்கினோம் என்று எண்ணித் தனித்தனியே தலைகுனிந்தனர்.

ஹாம்ப்ஷயரின் சவுத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில் அஞ்சலகம் நடத்தியவர் ஜோ ஹாமில்டன் அம்மையார். ஒருநாள் ஏறத்தாழ 2,000 பவுண்டு குறைவதாகப் பொறி காட்டியது. உதவித் தொலைபேசியில் பேசியவர் சொன்னபடி செய்தார். அவர் கண்முன்னேயே குறை இருமடங்காயிற்று. நாளடைவில் அது 36,000 பவுண்டாக வளர்ந்தது. வீட்டை அடகு வைத்தார். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதாயின் பொய்க் கணக்கு எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், சிறைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார். ஊரார் அவரைக் கைவிடவில்லை. பணம் திரட்டிக் கொடுத்தனர். தீர்ப்பு நாளன்று திரளாக நீதிமன்றத்துக்கும் சென்றனர். திருட்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அஞ்சல் நிறுவனத்தின் புலனாய்வாளரே எழுதி வைத்திருந்தார் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது.

பிரிட்லிங்டன் நகரத்து லீ காசில்டன் 91 முறை உதவித் தொலைபேசியை அழைத்தார். பயனில்லை. 25,000 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட தொகைக்காக அவர்மீது உரிமை வழக்குத் தொடரப்பட்டது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடினார். 2007-இல் தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவான ஏறத்தாழ 3,21,000 பவுண்டும் அவர் தலையில் விழுந்தது. அவர் திவாலானார்.

சர்ரி மாவட்டத்து வெஸ்ட் பைஃப்ளீட் ஊரில் அஞ்சலகம் நடத்தியவர் இந்திய வம்சத்தவரான சீமா மிஸ்ரா. 74,000 பவுண்டுக்கு மேல் திருடினார் என்ற குற்றச்சாட்டில், 2010 நவம்பரில் அவருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். கருவில் ஒரு குழந்தையையும் வீட்டில் ஒரு குழந்தையையும் கொண்ட தாய், செய்யாத திருட்டுக்காகச் சிறை சென்றார்.

அஞ்சல் நிறுவனம் தானே குற்ற வழக்குத் தொடரும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. குற்றம் சாட்டுவோரும், புலனாய்வோரும், இழப்புக்கு உள்ளானதாகச் சொல்வோரும் ஒருவரே ஆயினர். இதனோடு சட்டத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. கணிப்பொறி ஒழுங்காக இயங்கியது என்பதை மெய்ப்பித்த பின்னரே அதன் பதிவைச் சான்றாக ஏற்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பிரிவு, 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பின்னர், மாறாகக் காட்டப்படாத வரையில் பொறி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளலாயிற்று. மனிதரின் சொல் ஐயத்துக்குரியது, பொறியின் சொல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்ற நிலை உருவாயிற்று.

உள்ளே இருந்தவர் அறிந்தது

பிழை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் ஊரில் 2015-இல் அஞ்சலகப் பெண்மணி ஒருவர், வேறொரு சிறு நிலையத்துக்கு அனுப்பிய 8,000 பவுண்டைக் கணக்கில் பதிந்தார். திரை உறைந்து நின்றது. பதிவாகவில்லையோ என்று எண்ணி அதே விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒரே தொகை நான்கு முறை ஏறி 32,000 பவுண்டாயிற்று. விளைவு, இல்லாத 24,000 பவுண்டு குறைவதாகக் கணக்குக் காட்டியது. இதில் அவர் செய்த குற்றம் என்ன? உறைந்த திரையின்முன் நாம் அனைவரும் செய்வதையே அவரும் செய்தார்.

இவ்வாறான பிழைகளுள் பலவற்றை நிறுவனத்தின் பொறியாளர் அறிந்திருந்தனர். அறியப்பட்ட பிழைகளைப் பதிந்து வைக்க ஒரு பட்டியலே அவர்களிடம் இருந்தது. ஆனால் அது அஞ்சலகத்தார் கண்ணில் காட்டப்படவில்லை. நாடெங்கும் எத்தனையோ பேர், இது என் தவறா, பொறியின் தவறா என்று தூக்கமிழந்து தவித்த காலத்தில், விடை ஓர் அலுவலகத்தின் கோப்பில் உறங்கிக் கொண்டிருந்தது.

2010-இல் நடந்த ஒரு கூட்டத்தின் குறிப்பு இன்னும் வேதனை தருவது. ஏறத்தாழ 60 கிளைகளின் கணக்கைப் பாதித்த ஒரு பிழையைப் பற்றி, அஞ்சல் நிறுவனத்தாரும் ஃபூஜித்சு நிறுவனத்தாரும் கூடிப் பேசினர். இது வெளியே பரவினால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கக்கூடும் என்ற கவலை அக்குறிப்பில் பதிவாகியுள்ளது. பரிசீலிக்கப்பட்ட வழிகளுள் ஒன்று, கிளையின் கணக்கை நிறுவனமே உள்ளிருந்து திருத்திவிடுவது. அஞ்சலகத்தாருக்குச் சொல்லாமல் அவ்வாறு செய்வது அறம் சார்ந்த கேள்வியை எழுப்பும் என்றும் அக்குறிப்பே சொல்கிறது. ஆக, அறக்கேள்வி எவருக்கும் தோன்றாமல் போகவில்லை. தோன்றியது, எழுதப்பட்டது, பின் கோப்புக்குள் வைத்து மூடப்பட்டது. சீமா மிஸ்ராவைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு நடந்ததும் அதே ஆண்டில்தான்.

அவ்வழக்கில் பொறியின் நம்பகத்தன்மை குறித்துச் சான்றளித்தவர் ஃபூஜித்சு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர். அவர் தாம் அறிந்த பிழைகளை நீதிமன்றத்துக்கு வெளிப்படுத்தவில்லை, ஆகவே அவருடைய சான்றை இனி நம்புவதற்கில்லை என்று 2013-இல் வழக்கறிஞர் ஒருவர் அஞ்சல் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் அறிவுரை கூறினார். அதன் பின்னரும் சிறை சென்றவர்களுக்கு உண்மை தெரிய ஆண்டுகள் பல பிடித்தன.

செய்யத் தகாததைச் செய்வது மட்டுமன்று, செய்ய வேண்டியதைச் செய்யாது விடுவதும் குற்றமே என்று நாம் சிறுவயது முதல் மறைக்கல்வியில் கற்றிருக்கிறோம். பொய்ச்சான்று சொல்லலாகாது என்ற கட்டளையும் நமக்குப் புதிதன்று. இன்று பொறியும் பொய்ச்சான்று சொல்கிறது. பொறிக்கு மனச்சாட்சி இல்லை. அதன் பொய்யை அறிந்தும் வாய் திறவாது இருப்பவருக்கு உண்டு.

வாய் திறந்தவர்கள்

வேல்ஸ் நாட்டு லான்டுட்னோ நகரில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர், தமக்குக் காட்டப்பட்ட குறையை ஏற்க மறுத்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 2009-இல் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்னும் இதழ் ஏழு பேரின் துயரத்தை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பேட்ஸ், தம்மைப் போன்றோரைத் திரட்டி நீதி கோரும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். தனியே அழுதவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

ஆயினும், அவர்கள் வெளியே நின்று கதவைத் தட்டியவர்கள். உள்ளிருந்து ஒருவர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. 2001 முதல் 2004 வரை பிராக்னெல் நகரில் ஃபூஜித்சு அலுவலகத்தில் பழுது நீக்கும் பிரிவில் பணியாற்றிய ரிச்சர்டு ரோல் என்ற பொறியாளர், 2015-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பேசினார். அஞ்சலகத்தார் அறியாமலே அவர்களுடைய கணக்குகளுக்குள் தொலைவிலிருந்து நுழைந்து மாற்ற முடியும், அவ்வாறு செய்யப்பட்டதும் உண்டு என்பது அவர் கூறியதன் சாரம். அத்தகைய வசதி இல்லை என்று சாதித்துவந்த அஞ்சல் நிறுவனம், வழக்கு நடந்தபோது அது உண்மை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2019-இல் ரோல் நீதிமன்றத்திலும் சாட்சியம் அளித்தார். தம் கைகள் செய்த வேலையைத் தம் வாயால் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது.

பேட்ஸும் அவரோடு சேர்ந்த 554 பேரும் தொடுத்த வழக்கில், நீதிபதி ஃபிரேசர் 2019 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்குகள் பொய்த்தன என்று அவர் முடிவு கூறினார். அஞ்சல் நிறுவனத்தின் பிடிவாதத்தை, உலகம் தட்டையானது என்று இந்நாளில் சாதிப்பதற்கு அவர் ஒப்பிட்டார். 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்துச் செய்தது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜனவரியில் இவ்வரலாறு தொலைக்காட்சி நாடகமாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, எஞ்சியோரின் தண்டனைகளையும் மொத்தமாக நீக்கியது. ஃபூஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பிழைகள் தொடக்க காலம் முதலே அறியப்பட்டிருந்தன என்பதையும் ஒப்புக்கொண்டார். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 100 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடாக வழங்கப்பட்டது.

ஆனால் பணத்தால் ஈடுசெய்ய இயலாதவையும் உண்டு. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, இத்துன்பம் காரணமாகக் குறைந்தது 13 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று குறிப்பிடுகிறது. தீர்ப்புகள் திருத்தப்படும் முன்னரே இறந்துபோனோர் பலர். அவர்களுக்கு எந்தச் சட்டம் மறுவாழ்வு தரும்?

கடமைகள் யாவை?

பிழையே இல்லாத மென்பொருளை எவராலும் எழுத இயலாது என்பார்கள். உண்மைதான். பிழை நேர்ந்ததற்காக எவரையும் நாம் பழிக்கவில்லை. அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு, பொறியாளரை மட்டும் குறை கூறுவது தகாது என்பார்கள். அதுவும் உண்மையே. ஆனால் அதிகாரிக்கும் வழக்கறிஞருக்கும் பொறியின் உள்ளே நடப்பது தெரியாது. பொறியாளர் சொன்னால்தான் தெரியும். அறிவு எவரிடம் இருக்கிறதோ அவரிடமே முதற்கடமையும் இருக்கிறது.

மருத்துவருக்கு இருப்பது போலவே இத்துறையினருக்கும் ஒழுக்க விதிகள் உள்ளன. அமெரிக்காவின் இரு பெரும் கணிப்பொறியாளர் சங்கங்கள் 1999-இல் கூட்டாக மென்பொருட் பொறியாளருக்கான அறநெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டன. அதில் உள்ள தலைப்புகள் எட்டு. முதலிடம் பொதுமக்களின் நலனுக்கு. வேலை கொடுத்தவருக்குச் செய்ய வேண்டிய கடமை அதற்கு அடுத்ததே. இவ்வரிசை தற்செயலானதன்று. இதன் வெளிச்சத்தில் நான்கு கடமைகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

முதலாவது, தாம் எழுதுவது எவர் தலைமேல் விழும் என்று எண்ணிப் பார்ப்பது. பொறியாளருக்குத் திரையில் தெரிவது ஓர் எண். மறுமுனையில் அதுவே ஒரு குடும்பத்தின் வீடு, ஒரு தாயின் மானம். பொறி காட்டும் முடிவை மறுத்துக் கேட்கவும், அது எவ்வாறு கணக்கிட்டது என்று பார்க்கவும், எளியவருக்கு வழி வைத்து எழுதுவதும் இக்கடமையில் அடங்கும்.

இரண்டாவது, துன்புற்றவரின் சொல்லுக்குச் செவிகொடுப்பது. கனடாவில் உருவாக்கப்பட்ட ‘தெராக்-25’ என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி, 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியது. குறைந்தது மூவர் இறந்தனர். உடல் எரிந்ததாக நோயாளிகள் கதறியபோதும், அவ்வாறு நேர வாய்ப்பே இல்லை என்று உற்பத்தியாளர் கூறிவந்தனர். டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில், 1986-இல், கருவியை இயக்கியவரும் அங்கிருந்த இயற்பியலாளரும் பொறுமையோடு பலமுறை முயன்று அப்பிழையைத் தாமே மீண்டும் நிகழ்த்திக் காட்டினர். தட்டச்சு செய்ததை விரைந்து திருத்தும்போது மென்பொருள் தடுமாறியது. நோயாளியின் சொல்லை நம்பியதால் உண்மை புலப்பட்டது.

மூன்றாவது, அறிந்த பிழையை உரியவருக்கு அறிவிப்பது. மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டேன், என் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லலாமா? பிழையின் சுமையைத் தாங்குபவர் அதை அறியும் வரையில் பொறுப்புத் தீர்வதில்லை. நீதிமன்றத்தில் ஒருவருடைய விடுதலையே அதைச் சார்ந்திருக்கும்போது மௌனம் நடுநிலையன்று. அது ஒரு தரப்பின் சாட்சியமாகிவிடுகிறது.

நான்காவது, தீய கட்டளைக்கு இணங்க மறுப்பது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், புகைச் சோதனை நடக்கும்போது அதைக் கண்டுகொண்டு, அந்நேரத்தில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்தது. சாலையில் அக்கார்கள் சட்ட அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கின. இதில் பங்குபெற்ற ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 2017-இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நிறுவனத்தின் பணியாளாக இருந்தது அவரைச் சிறையிலிருந்து காக்கவில்லை.

வேலை போய்விட்டால் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வி எழும். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மாதச் சம்பளத்தை நம்பிக் கடன் பெற்று வீடு கட்டியவரிடம், அஞ்சாது பேசும் என்று அறிவுரை சொல்வது எளிது, அதன்படி நிற்பது அரிது. ஆகவேதான் இச்சுமையைத் தனி ஒருவர்மேல் ஏற்றிவிட்டு ஒதுங்குவது நீதியாகாது. உண்மை சொல்பவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்க வேண்டும். உடன் பணியாற்றுவோர் அவர் பக்கம் நிற்க வேண்டும். எழுத்து மூலம் பதிந்து வைப்பது, இருவர் மூவராகச் சேர்ந்து எடுத்துரைப்பது, கையொப்பமிடுமுன் ஆராய்வது ஆகிய சிறு படிகள் உண்டு. ஒரே நாளில் வீரராக வேண்டியதில்லை. தாம் அறிந்ததை மறுக்காமல் இருப்பதே முதற்படி.

நம் இல்லங்களில்

கணிப்பொறித் துறையில் மகனோ மகளோ மருமகளோ பணியாற்றாத தெரு இன்று நம் ஊர்களில் அருகிவருகிறது. இரவு பகல் பாராது உழைத்து, பெற்றோரின் கடனைத் தீர்த்து, தம்பி தங்கையரைப் படிக்கவைக்கும் இவ்விளைஞரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் விடுமுறைக்கு வந்த பிள்ளையிடம் நாம் கேட்பது என்ன? சம்பளம் எவ்வளவு, அடுத்த உயர்வு எப்போது, வெளிநாடு அனுப்புவார்களா என்பவைதாமே? நீ செய்யும் வேலை எவருக்குப் பயன்படுகிறது, அதில் தவறு நேர்ந்தால் எவர் துன்புறுவார் என்று கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? இக்கேள்வியைக் கேட்டுப் பழகிய இல்லத்திலிருந்து செல்லும் பிள்ளை, அலுவலகத்திலும் அதைக் கேட்கத் தயங்காது.

மென்பொருள் எழுதாத நமக்கும் ஒரு கடமை உண்டு. வங்கியிலோ, கடையிலோ, அலுவலகத்திலோ, கணிப்பொறி காட்டிய கணக்கைக் கொண்டு ஒருவர்மீது பழி சுமத்தப்படும்போது, பொறி பொய் சொல்லாது என்று உடனே அவரைக் கைகழுவிவிடலாகாது. கணக்கை மீண்டும் பார்க்கும்படி அவரோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும். ஜோ ஹாமில்டனின் ஊராருக்குக் கணிப்பொறியின் நுட்பம் எதுவும் தெரியாது. தம் ஊர்ப் பெண்மணி திருடியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை, அவர்கள் முதல் நாளே சொன்னார்கள்.